பஸ் ஆப்ஷன்ஸ் மகாசன்னிதானத்துக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை ஒரு குடைக்கீழ் ஆளும் லினக்ஸ் கர்னல் சாம்ராஜ்யத்தில் அமைச்சர் பெருமக்களுக்குக் குறைவில்லை. நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பவர் ஒருவர், கோப்புகளைக் காப்பவர் ஒருவர், வலைப்பின்னலுக்கு வாயில் காப்பவர் ஒருவர். அவர்களைப் பாட வேறு புலவர்கள் இருக்கிறார்கள். அடியேன் பாட வந்தது, கர்னலை மூலநிரலிலிருந்து தாமே கட்டத் துணிந்த எவரையும் வாசலிலேயே நிறுத்தி வினாத் தொடுக்கும் பேரதிகாரி, ஸ்ரீலஸ்ரீ 'பஸ் ஆப்ஷன்ஸ்' அவர்களின் கீர்த்தியை.

ப்ராசஸர் என்னும் மன்னர், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு முதலான குடிகளோடு பேசுகிற ராஜபாட்டைக்குத்தான் பஸ் என்று பெயர். அந்தப் பாட்டை இந்தக் கணிப்பொறியில் உண்டா, உண்டென்றால் எந்த வகை, அதில் எப்படி நடை போடவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்துக் கர்னலுக்குள் சேர்ப்பதும் விடுவதும் இந்த மகானுபாவரின் இலாகா. தாமே தீர்மானித்துவிட்டு நம்மைச் சிறுமைப்படுத்துகிற கீழ்மை அவரிடம் கிடையாது. எதையும் நம்மைக் கேட்டுத்தான் செய்வார்.

தர்பார் மண்டபத்தின் அழகை முதலில் சொல்ல வேண்டும். மூலநிரலை இறக்கி விரித்து, டெர்மினலில் 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரை படர்ந்து நடுவே சாம்பல் நிறப் பலகை ஒன்று எழுந்தருளும். வரிக்கு வரி முன்னால் ஒரு கட்டம். ஒய் தட்டினால் கட்டத்தில் நட்சத்திரம் விழும். அந்த வசதி கர்னலின் ரத்தத்தோடு கலந்துவிட்டது என்று பொருள். எம் தட்டினால் அது மாட்யூலாகத் தனியே நின்று, அழைக்கும்போது வந்து ஏறிக்கொள்ளும். என் தட்டினால் அது பிறவாமலே போகும். கர்னல் முழுவதிலும் இத்தகைய விருப்பங்கள் பத்தாயிரத்தைத் தாண்டும். இந்த மண்டபம் வேண்டாம், இன்னும் தொன்மையான தரிசனம் வேண்டும் என்பவர்களுக்கு 'மேக் கான்ஃபிக்' என்ற சன்னிதி திறந்தே இருக்கிறது. அங்கே கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்னோக்கி ஓர் அடி எடுத்து வைக்க வழியில்லை. எழுநூறாவது கேள்வியில் நிற்பவருக்கு ஆறாவது கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னது நினைவுக்கு வந்தால், எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி அனுபவிக்கும் பாக்கியம் கிட்டும்.

இனி, சன்னிதானத்தின் திருவாய்மொழி. பிசிஐ என்ற வரியில் நின்று, இது என்ன என்று தெரியாத பேதை ஒருவர் உதவிக் குறிப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பொழிந்த அருளின் சாரம் பல தலைமுறை கர்னல்களுக்கு இதுவாகத்தான் இருந்தது: உங்கள் மதர்போர்டில் பிசிஐ இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள், இருந்தால் ஒய் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் சொல்லுங்கள். என்ன செறிவு! என்ன சுருக்கம்! எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அற்ப விவரத்தை எழுதி அந்தக் குறிப்பின் கம்பீரத்தைக் கெடுக்கவில்லை. தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவாது. இரு தரப்பாரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் இத்தகைய நடுநிலையை வேறு எந்த உரையாசிரியரிடம் காண்போம்?

இந்தக் கேள்வியின் அருமை முழுதும் விளங்க வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். ஐபிஎம் 1981-இல் தன் பிசியை வெளியிட்டபோது அதில் இருந்தது எட்டு பிட் பஸ். 1984-இல் ஏடி வந்தபோது அது பதினாறு பிட்டாக வளர்ந்தது. பிற்பாடு ஐஎஸ்ஏ என்று பெயர் சூட்டப்பட்டது இந்தப் பாட்டைக்குத்தான். அந்தக் காலத்துக் கார்டுகள் ஊமைகள். ஒரு சவுண்ட் கார்டு எந்த முகவரியில் பேசும், எந்த இன்டரப்ட் கம்பியை இழுக்கும் என்பதை அதன் மேலிருந்த ஜம்பர் ஊசிகளை நகத்தால் பிடுங்கி, வேறிடத்தில் செருகி மனிதக் கைதான் முடிவு செய்தது. இரண்டு கார்டுகள் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் மௌனம் சாதிக்கும். அந்த நாளில் மனிதனிடம் கேட்பதைத் தவிர மென்பொருளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஊசியைச் செருகியவன் அவன்தானே!

பிறகு 1992-இல் இன்டெல் பிசிஐயைக் கொண்டுவந்தது. அதன் உயிர்நாடியே, சாதனம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது. ஒவ்வொரு பிசிஐ சாதனமும் 256 பைட்டுகள் கொண்ட ஒரு ஜாதகத்தைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. அதன் முதல் வரியிலேயே தயாரித்தவர் எண்ணும் சாதன எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்டெல்லின் எண் 8086. குலப் பெருமையை மறக்கவில்லை அவர்கள். ஆளில்லாத இடத்தில் கேட்டால் எல்லா பிட்டுகளும் ஒன்றாகத் திரும்பி வரும். ஓர் அரங்கத்தில் 256 பஸ், பஸ்ஸுக்கு 32 சாதனம், சாதனத்துக்கு எட்டு செயல்கூறு. கதவு தட்டிக் கொண்டே போனால் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று இயந்திரமே ஒப்பித்துவிடும். மனிதனைக் கேட்க வேண்டிய காலம் முடிந்தது என்ற அறிவிப்பு அது.

முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நம் சன்னிதானம் நினைக்கவில்லை. சாதனம் உள்ளிருந்து தன் பெயரையும் குலத்தையும் கூவிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தைத் திருச்செவியில் ஏற்காமல், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து, "உம்முடைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பெருந்தன்மை எத்தகையது! வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருக்க, தெருவில் போகிற தபால்காரரை நிறுத்தி, "இந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று விசாரிக்கும் மரியாதைக்காரர் அவர்.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். கர்னலை ஓர் இயந்திரத்தில் கட்டி வேறோர் இயந்திரத்தில் ஓட்டுவது வழக்கம். கட்டுகிற இயந்திரத்துக்கு ஓடப்போகிற இயந்திரத்தின் ஜாதகம் எப்படித் தெரியும்? பிசிஐயே இல்லாத சின்னஞ்சிறு சாதனங்களுக்குக் கர்னல் செதுக்குகிறவர்கள் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? உண்மை, நூற்றுக்கு நூறு உண்மை. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் கர்னல் செதுக்கும் அந்த நிபுணர்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இது. அவர்களிடம் கேட்பதை, தன் லேப்டாப்பிலேயே கட்டித் தன் லேப்டாப்பிலேயே ஓட்டப்போகும் முதலாண்டு மாணவரிடமும் அதே சொற்களில், அதே வரிசையில், அதே முகபாவத்தோடு கேட்பதில்தான் சன்னிதானத்தின் சமத்துவம் ஒளிர்கிறது. நிபுணருக்கு ஒரு நீதி, மாணவருக்கு ஒரு நீதி என்ற பேதம் அங்கே இல்லை.

ஓடுகிற கர்னலோ இந்த விஷயத்தில் அவ்வளவு பண்பட்டதில்லை. ஒவ்வொரு டிரைவரும் தான் அறிந்த சாதனங்களின் எண்களை ஒரு பட்டியலாக மடியில் வைத்திருக்கிறது. சாதனம் எண்ணைச் சொன்னதும், பட்டியலில் ஒப்பிட்டு, உரிய மாட்யூலை மனிதரிடம் ஒரு வார்த்தை கேளாமல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏற்றிவிடுகிறது. என்ன அவசரம்! கட்டும் நேரத்தில் இந்த அநாகரிகத்துக்கு இடமில்லை. சாதனத்தின் எண் ஒரு கரையில், அதற்குரிய விருப்பத்தின் பெயர் மறு கரையில், நடுவே பாலம் கட்டி யாத்திரையின் புண்ணியத்தைக் குறைக்கச் சன்னிதானம் துணியவில்லை. தன் நெட்வொர்க் கார்டுக்கு எந்தக் கட்டத்தில் நட்சத்திரம் போடுவது என்று அறிய விரும்பும் பக்தர், முதலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையால் எண்ணை அறிகிறார். அந்த எண்ணை மூலநிரல் வனத்தில் தேடுகிறார். அது ஏதோ ஒரு டிரைவரின் பட்டியலில் அகப்பட்டதும், அதே அடைவிலுள்ள மேக்ஃபைலைத் திறந்து அந்தக் கோப்பு எந்த விருப்பப் பெயரால் கட்டப்படுகிறது என்று பார்க்கிறார். அந்தப் பெயரை மனனம் செய்துகொண்டு மெனுவுக்குத் திரும்பி, சாய்கோட்டு விசையைத் தட்டித் தேடுகிறார். கிடைத்தவுடன் அவர் கண்ணில் வரும் நீர் ஆனந்தக் கண்ணீர் என்றே கொள்ள வேண்டும்.

முன்னோரைப் போற்றுவதிலும் இவருக்கு நிகர் இவரே. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசைக்கென்று மைக்ரோசானல் என்ற பாட்டையைப் போட்டு, மற்றவர்கள் அதில் நடக்கச் சுங்கம் கேட்டது. காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் அணி திரண்டு 1988-இல் ஈஐஎஸ்ஏவை எதிர்நிறுத்தின. இடையில் கிராபிக்ஸுக்கென்று வீசா லோக்கல் பஸ் ஒன்று தோன்றி மறைந்தது. எல்லாவற்றையும் பிசிஐ விழுங்கியது. 2003-இல் தரம் வகுக்கப்பட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் அந்தப் பிசிஐயையும் ஓரங்கட்டியது. மைக்ரோசானல் ஆதரவை 2012-இல் 3.5 பதிப்பில் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஐஎஸ்ஏ வரிக்குரிய உதவிக் குறிப்பு, உலகிலுள்ள பிற பஸ்கள் என்று மைக்ரோசானலையும் வீசாவையும் அதற்குப் பின்னரும் பல்லாண்டு பரிவோடு எண்ணிக்கொண்டிருந்தது. ஐஎஸ்ஏ பழையது, அதன் இடத்தைப் பிசிஐ இப்போது பிடித்து வருகிறது என்ற சுடச்சுடச் செய்தியையும், பிசிஐயே மதர்போர்டுகளிலிருந்து விடைபெற்ற பிறகும், வாசகருக்கு வாசித்துக் காட்டியது. காலத்தை வென்றவர்கள் என்று யாரையோ சொல்கிறோம்!

32 பிட் இயந்திரத்துக்குக் கட்டுவோருக்கு இன்னொரு விருந்து காத்திருக்கிறது: 'பிசிஐ அக்சஸ் மோட்'. பிசிஐ சாதனங்களின் ஜாதகத்தை எந்த வழியாகப் படிப்பது என்பது கேள்வி. பயாஸ் வழியா, எம்எம்கான்ஃபிக் வழியா, நேரடியாகவா, ஓஎல்பிசி வழியா, அல்லது எதுவானாலும் சரியா? சில பழைய மதர்போர்டுகளில் பயாஸ் பிழையுள்ளது, கேட்டால் இயந்திரம் விழுந்துவிடக்கூடும் என்று குறிப்பு கருணையோடு அச்சுறுத்துகிறது. ஓஎல்பிசி என்பது குழந்தைகளுக்கென்று செய்த எக்ஸ்ஓ-1 என்ற குட்டி லேப்டாப்புக்கு உரிய தனி வழி. அந்த லேப்டாப்புக்கான ஆதரவை வேறோரிடத்தில் இயக்கியவருக்கு மட்டுமே அது காட்சி தரும். எல்லாவற்றையும் எடைபோட்டுக் களைத்தவரிடம் குறிப்பு கடைசியில் அருள்வது: சந்தேகமாக இருந்தால் 'எதுவானாலும்' என்பதையே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முன்னரே தேர்ந்து வைத்திருப்பது, கர்னலே ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக்கொள்ளும். தானே பார்த்துக்கொள்ளக்கூடிய காரியத்தை முதலில் நம் முன் வைத்து, நாம் வியர்த்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த உபசாரத்துக்கு ஈடேது?

ஆனாலும் என் இதயத்தைக் கொள்ளைகொண்ட விருப்பம் வேறு. சிஎன்பி20எல்இ என்ற ஹோஸ்ட் பிரிட்ஜின் சாளரங்களைப் படிக்கலாமா என்று ஒரு வரி. அதன் குறிப்பு சொல்வது என்ன தெரியுமா? இந்தச் சிப்செட்டுக்குப் பகிரங்கமான விவரக்குறிப்பு கிடையாது. இந்த ஆதரவு முழுமையற்றது என்பதும் தெரிந்ததே. தேவை என்று உமக்குத் தெரிந்தாலன்றி என் சொல்லும். ஆவணம் இல்லை, முழுமை இல்லை, வேண்டாம் என்பதே பரிந்துரை. எனினும் கேள்வி மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது! இதற்கு முன்னால் பேராசிரியர்களின் வினாத்தாள்கள் வெட்கப்பட வேண்டும்.

இந்தத் திருவரி எல்லோர் கண்ணுக்கும் அகப்படாது. 'எக்ஸ்பர்ட்' என்ற விருப்பத்தை இயக்கியவருக்கு மட்டுமே காட்சி தரும். அந்தப் பட்டத்துக்குத் தேர்வு உண்டா, தகுதி உண்டா என்று கேட்காதீர்கள். பொது அமைப்புகளின் பகுதிக்குப் போய் ஒரே ஒரு ஒய் தட்டினால் போதும், அக்கணமே நிபுணர். பிசிஐ எக்ஸ்பிரஸ் பாக்கெட்டின் சுமை அளவை எப்படி வைப்பது என்ற கேள்வியும் அந்த உள்பிராகாரத்தில்தான் இருக்கிறது: தொடாதே, வழக்கம்போல், பத்திரமாக, வேகமாக, சாதனத்துக்குச் சாதனம் என்று ஐந்து வகை. கடைசியதைத் தேர்ந்தால் எல்லாச் சாதனங்களுக்கும் 128 பைட் என்று ஒரே அளவு. இதையே இயந்திரம் எழும்பும் நேரத்தில் ஒரு சின்னச் சொல்லைக் கட்டளை வரியில் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அடுத்த முறை எடுத்துவிடலாம். அப்படி எளிதில் மாற்றக்கூடியதைக் கட்டும்போதே நிலையாகச் செதுக்கிவைக்கும் உறுதியை நாம் மெச்சத்தான் வேண்டும்.

மறைத்தருளும் கலையில் சன்னிதானத்தின் தேர்ச்சி தனிப் பரணிக்கு உரியது. ஒரு விருப்பம் சார்ந்திருக்கும் வேறொரு விருப்பம் இயங்காதிருந்தால், முன்னது மங்கிய எழுத்தில்கூடக் காட்டப்படாது, அடியோடு மறைந்துவிடும். ஏன் மறைந்தது, யாரால் மறைந்தது என்று மெனு வாய் திறக்காது. இசட் விசையைத் தட்டினால் மறைந்தவை தெரியும் என்பதைச் சொல்ல ஆளில்லாதவர்கள், தேடிய வரி இந்தப் பதிப்பிலேயே இல்லை போலும் என்று திருப்தியடைந்து தூங்கப் போகலாம். இதன் உச்சம் பிசிஐ வரியிலேயே நிகழும். அந்த ஒரு கட்டத்தில் என் தட்டிப் பாருங்கள். சேட்டா டிஸ்க்குக்கான ஏஹெச்சிஐ டிரைவர் மறையும், என்விஎம்இ மறையும், நெட்வொர்க் கார்டுகளும் கிராபிக்ஸ் கார்டுகளும் கூட்டங்கூட்டமாக மறையும். ஓர் எழுத்தில் இத்தனை பேரைக் காடேற்ற முடிகிறதே! "நிச்சயமாகத்தானா?" என்ற கோழைத்தனமான கேள்வியைச் சன்னிதானம் கேட்பதில்லை. கேட்க வேண்டாத இடத்தில் ஆயிரம் கேட்பவர், கேட்க வேண்டிய இடத்தில் கடைப்பிடிக்கும் மௌனம் மகத்தானது.

இதற்கு நேர்மாறான சக்தியும் அவரிடம் உண்டு. 'செலக்ட்' என்று அதற்குப் பெயர். ஒரு விருப்பத்தை நாம் தேர்ந்தால், அது இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்கும். இழுபட்டவருக்கு என்னென்ன துணைகள் வேண்டும் என்று விசாரிக்காது. கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று கர்னலின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. அப்படி உட்கார்த்தப்பட்ட கட்டத்தின் இருபுறமும் கோடுகள் போட்டுப் பூட்டியிருக்கும். என் தட்டினால் அசையாது. பூட்டியது யார் என்று அறிய மறுபடி சாய்கோட்டு விசை, மறுபடி தேடல்.

இந்த அருளெல்லாம் சேர்ந்து ஒருவர் மேல் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். முதன்முதலாகக் கர்னல் கட்டும் இளைஞர் ஒருவர். லேப்டாப்பின் உள்ளே இருப்பது என்விஎம்இ டிஸ்க். குறிப்புகளையெல்லாம் பயபக்தியோடு படித்தார். பிசிஐக்கு ஒய் போட்டார். என்விஎம்இ வரியில் எம் போட்டார். கர்னலை மெலிதாக வைத்துக்கொள்ள மாட்யூல் நல்லது என்று எங்கோ படித்திருக்கிறார். இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் பொதி வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே நியாயமானது. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மெனு ஓர் எழுத்தும் சொல்லவில்லை. ஃபேன் இரைய, கோப்புப் பெயர்கள் திரையில் அருவிபோல் ஓட, பழைய லேப்டாப் மணிக்கணக்கில் கம்பைல் செய்தது. பிழை ஒன்றும் இல்லை. நிறுவினார், மறுதொடக்கம் செய்தார். டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ மாட்யூலாக அந்த டிஸ்க்கினுள்ளேயே இருக்கிறது. கர்னல் விழித்து, தேடி, மூலக் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை, அறியப்படாத சாதனம் பூஜ்யம் கமா பூஜ்யம் என்று கடைசி வாக்கியம் சொல்லி உறைந்து நின்றது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. என்விஎம்இ என்ற சொல்லோ, எம் என்ற எழுத்தோ, எந்தக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்போ அந்தத் திரையில் இல்லை. சன்னிதானம் ஒருபோதும் கோள் சொல்வதில்லை.

இந்த மாண்பைக் குலைக்க ஒரு காலத்தில் சதி நடந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்' எழுதிய எரிக் ரேமண்ட், 2000-ஆம் ஆண்டு முதல் சிஎம்எல்2 என்ற புதிய முறையைப் பைத்தானில் எழுதிக்கொண்டு வந்தார். அதோடு, இயந்திரத்தைத் தானே துழாவிப் பார்த்து விருப்பங்களை நிரப்பும் ஏற்பாட்டையும் முன்வைத்தார். டில்லி அத்தை என்று ஒரு கற்பனைப் பெண்மணியை அழைத்து வந்து, தொழில்நுட்பம் அறியாத அவரும் தம் கணிப்பொறிக்குக் கர்னல் கட்ட முடிய வேண்டும் என்று 2002 தொடக்கத்தில் வாதாடினார். டில்லி அத்தை எதற்காகக் கர்னல் கட்ட வேண்டும் என்று சபையோர் கேட்டார்கள். பைத்தான் எதற்கு என்றார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதா என்றார்கள். கேள்விகள் ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரோமன் சிப்பெல் எழுதிய கேகான்ஃபிக், 2.5 வரிசையில் அரியணை ஏறியது. விருப்பங்களை எழுதும் பழைய மொழியைவிட அது எவ்வளவோ சீரானது, அதை யாரும் மறுக்க முடியாது. அத்தையோடு சேர்த்து, இயந்திரத்தையே கேட்டால் என்ன என்ற ரேமண்டின் அசௌகரியமான கேள்வியும் வாசலுக்கு வெளியே விடப்பட்டது என்பதுதான் நாம் கொண்டாட வேண்டியது.

கட்டுப்பாடு ஓரிடத்தில் மட்டும் தளர்ந்தது. ஸ்டீவன் ராஸ்டெட் 2009-இல், 2.6.32 பதிப்பில், 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையைச் சேர்த்தார். இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, அவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடும். இத்தனை எளிதாகவா என்று திடுக்கிட வேண்டாம். சம்பிரதாயம் முற்றிலும் கைவிடப்படவில்லை. கட்டளையைத் தட்டும் வேளையில் செருகப்படாதிருந்த பென்டிரைவுக்கும் பிரிண்டருக்கும் உரிய மாட்யூல்கள் ஏறியிருக்காது, ஆகவே பட்டியலிலிருந்து உதிரும். மறுவாரம் பென்டிரைவைச் செருகியவர், பஸ்களின் நிலையாமையை அனுபவபூர்வமாக உணர்வார். இன்னும் உயர்ந்த நிலையை நாடுவோருக்கு 'ராண்ட்கான்ஃபிக்' இருக்கிறது: எல்லாக் கேள்விகளுக்கும் பகடை உருட்டிப் பதில் எழுதும். எந்தச் சேர்க்கையில் கட்டுமானம் முறிகிறது என்று கண்டறிய, இரவும் பகலும் இதை ஓட்டும் சோதனை இயந்திரங்கள் உண்டு. பகடைக்கும் நம் இளைஞருக்கும் சன்னிதானம் காட்டும் மரியாதையில் கடுகளவு வேற்றுமை கிடையாது. இருவர் பதிலையும் ஒரே அமைதியோடு ஏற்றுக்கொள்கிறது.

பதில்கள் அனைத்தும் 'டாட் கான்ஃபிக்' என்ற கோப்பில் தங்கும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குப் படாது. மூலநிரல் அடைவைச் சுத்தம் செய்ய 'மேக் க்ளீன்' என்று ஒரு கட்டளை. அது இந்தக் கோப்பைத் தொடாது. அதைவிட ஆழ்ந்த சுத்தம் வேண்டுமென்று 'மேக் மிஸ்டர்ப்ராப்பர்' தட்டினால், ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஒரு தரைத் துடைப்பானின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டளை, நாள் முழுதும் உட்கார்ந்து எழுதிய விடைத்தாளையும் சேர்த்துப் பளபளவென்று துடைத்துவிடும். ஓடும் கர்னலிலிருந்தே அந்த விடைகளைத் திரும்ப எடுக்க ஒரு வசதி உண்டு. கட்டும்போதே அதற்கும் ஒரு கட்டத்தில் ஒய் போட்டிருந்தால்.

ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கர்னல் வெளிவருகிறது. அப்போது பழைய விடைத்தாளை வைத்துக்கொண்டு 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' தட்டினால், சென்ற முறை சொன்ன பதில்களை மீண்டும் கேட்டுச் சன்னிதானம் நம்மைத் தொந்தரவு செய்யாது. புதிதாகப் பிறந்த விருப்பங்களை மட்டும், 'நியூ' என்று முத்திரையிட்டு, ஒவ்வொன்றாக முன்னே நிறுத்தும். இதுவரை கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு சிப்செட்டின் ஏதோ ஒரு கன்ட்ரோலர். ஒய்யா, எம்மா, என்னா? கேள்விக்குறியைத் தட்டிக் குறிப்பைக் கேட்டால், இந்தக் கன்ட்ரோலர் உம்மிடம் இருந்தால் ஒய் சொல்லும் என்று பதில் வரும்.